அசர் நேரத்தில் ஊதிய சைரன்

கம்பியும் பேட்டரியும் ஆன்டெனாவும் உள்ள ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, போர் முடிந்த மறு வருடம் இலங்கையின் கிழக்கே யாரும் பஸ்ஸில் போகக் கூடாது. சென்னையில் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

அம்பாறை தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். என் பெட்டியைத் திறந்து பார்த்த சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். சின்னப் பையன் முகம். சிங்களத்தில் ஏதோ கேட்டான். பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு நின்ற அம்மாள் மொழிபெயர்த்தார். "இது வெடிக்குமா எண்டு கேக்கிறான், மிஸ்."

"வெடிக்காதுன்னு சொல்லுங்கம்மா. கடல்ல தண்ணி எவ்வளவு இருக்குன்னு அளக்கிற பெட்டி."

அவர் சொன்னார். சிப்பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு நீளமாக ஒன்று சொன்னான். அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "கடல்ல தண்ணி நிறைய இரிக்கி, அத அளக்க இந்தியாவில இருந்து ஆள் வரணுமா எண்டு கேக்கிறான்."

என் மேலதிகாரிகூட இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். அவன் அதைத் தலைகீழாகவும் ஒரு முறை பார்த்துவிட்டு என்னை விட்டான்.

மாவடிப்பள்ளிக்கு வந்ததும் பஸ் நின்றது. இரண்டு பக்கமும் பச்சை நெல், நடுவில் செத்துப்போன பஸ். ராயபுரத்தில் பஸ் நின்றால் டிரைவரின் வம்சத்தையே இழுப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கி, வயல் வரம்பில் உட்கார்ந்து, வீட்டு விஷயம் கதைக்க ஆரம்பித்தார்கள். இஞ்சினைத் திறந்து பார்த்த கண்டக்டர், "இன்ஷா அல்லாஹ் போகும்" என்றார். டிரைவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் அந்த நம்பிக்கை இல்லை. கடைசியில் நெல் மூட்டை ஏற்றிய ஒரு உழவு இயந்திரத்தின் பின்னால் தொற்றிக்கொண்டுதான் கரையோரத்துக்கு வந்து சேர்ந்தேன். தலைமுடிக்குள் உமி, கண்ணில் தூசி, மடியில் பெட்டி. கச்சான் காற்று என்று அங்கே சொல்லும் மேல்காற்று அனலாக அடித்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்முனைக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கும் ஊர் சாய்ந்தமருது. அதன் கடற்கரையில் எங்கள் நிறுவனம் நான்கு இரும்புக் கம்பங்களை இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நட்டிருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெட்டி, கீழே தண்ணீரின் உயரத்தை அளக்கும் குழாய். இந்தப் பெட்டிகளுக்கு எஜமான் கிடையாது. ஒவ்வொன்றும் தானே அளக்கும், இது வழக்கமான அலைதானா என்று தானே யோசிக்கும். கடல் உள்வாங்குவதுபோல் பட்டால் மற்ற மூன்றிடமும் கேட்கும். ஒன்று மட்டும் சொன்னால் அதைக் கிறுக்கு என்று தள்ளிவிடும். இரண்டு சேர்ந்து சொன்னால் சைரன். அதிலும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் சொன்னால் செல்லாது, ஒரே படகு இரண்டையும் இடித்திருக்கலாம். தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டு ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். இந்த விதியை எழுதியவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தச் சைரன் இரண்டு முறை பொய்யாக ஊதிவிட்டது. சுனாமி பார்த்த ஊரில் பொய்ச் சைரன் ஊதினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஊர் கூடி, அதைக் கழற்றி எறிவதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். அதற்குள் நான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

எனக்காக ஹம்சியா காத்திருந்தாள். சைரனுக்கும் கம்ப்யூட்டருக்கும் பொறுப்பு அவள்தான். ஒரு காலத்தில் கணக்கு டீச்சர், முப்பத்தைந்து வயதிருக்கும், கணவர் கத்தாரில். இந்தப் பெட்டிகள் வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசி ஊரைச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான். இப்போது அதே வீடுகளில் அவளை ஏசுகிறார்கள்.

"வாங்க மிஸ், முதல்ல சாப்பிடுங்க. மறுகா பெட்டியப் பாப்பம்" என்றாள்.

இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, மாசிக் கருவாட்டுச் சம்பல். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். எங்கள் வீட்டு இடியப்பம் நூல்கண்டு மாதிரி இருக்கும், இங்கே கையகலத்துக்குத் தட்டையாகச் சின்னச் சின்னது. எத்தனை போனது என்று எனக்கும் தெரியவில்லை, ஹம்சியாவும் கேட்கவில்லை.

உள்ளறைக் கட்டிலில் அவளுடைய மாமனார் படுத்திருந்தார். இரண்டாவது சைரனுக்கு ஓடியபோது வாசற்படியில் விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார், முடியவில்லை.

"இந்தியாப் புள்ளயா? இரி மகள். உங்கட மிஷின் நல்லாத்தான் ஊதுது. காது செவிடாப் போகுது" என்றார்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "நீங்களா தள்ளி உட்டீங்க?" என்று அவர் கையை ஆட்டினார். ஹம்சியா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவளுடைய அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். இரண்டு சம்பவத்திலும் முதல் பெட்டியும் மூன்றாவது பெட்டியும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறங்குவதாகச் சொல்லியிருந்தன. கொஞ்ச நேரம் இறங்கியே நின்று, பிறகு பழைய நிலைக்கு வந்திருந்தன. இரண்டாவதும் நாலாவதும் வாயே திறக்கவில்லை. கருவியில் கோளாறு இல்லை, பேட்டரியும் நன்றாக இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது என்னைப் போன்றவர்கள் செய்கிற காரியத்தை நான் செய்தேன்.

"பேசாம விதியை மாத்திடலாம் ஹம்சியா. ரெண்டு பெட்டிக்குப் பதிலா மூணு பெட்டி சொன்னாத்தான் ஊதணும்னு வைப்போம். பிரச்சினை தீர்ந்தது."

"மூணாவது பெட்டி சொல்ல எவ்வளவு நேரம் போகும்?"

"ரொம்ப இல்ல. ஒரு நிமிஷம் கூடுதலா ஆகலாம்."

அவள் நாற்காலியைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தாள். "மிஸ், சுனாமி அண்டைக்குக் கடல் உள்ளுக்குப் போனத எங்கட ஆக்கள் கண்டாங்க. மணல்ல மீன் துடிச்சிச்சி. என்ட தங்கச்சி அதப் பாக்க எறங்கிப் போனா. ஓடி வா எண்டு ஒரு சத்தம் கேட்டிருந்தா வந்திருப்பா. நல்லா ஓடக்கூடிய புள்ள. அவக்கு அந்த ஒரு நிமிஷம் இருந்தாப் போதும். அதையா நீங்க எடுக்கப் போறீங்க?"

நான் விதியைத் தொடவில்லை.

அவள் தேநீர் ஊற்றித் தந்தாள். பால் இல்லாத கறுப்புத் தேநீர், சீனியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நக்கிக் கொஞ்சம் குடிக்க வேண்டும். எனக்கு மூக்கு, தாடை எல்லாம் சீனி. அதைப் பார்த்து முதல் முறையாகச் சிரித்தாள். பிறகு, ஊரைச் சம்மதிக்க வைத்த கதையைச் சொன்னாள். நோன்புப் பெருநாளுக்குப் பிறை கண்டதாக யாராவது வந்தால் பள்ளிவாசலில் உடனே நம்பிவிட மாட்டார்களாம். சாட்சிகளைத் தனித்தனியாக வைத்து, எந்தப் பக்கம் கண்டாய், எப்படி இருந்தது என்று கேட்பார்களாம்.

"இந்தப் பெட்டியும் அப்படித்தான் எண்டு சொன்னன். ரெண்டு சாட்சி, ஒண்டையொண்டு காணாத சாட்சி. பள்ளித் தலைவருக்கு உடனே விளங்கிட்டு."

நான் பதினைந்து பக்கத்தில் எழுதியதை இவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். எரிச்சலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

"ஆனா ரெண்டு தரமும் அசருக்குப் பாங்கு சொன்ன கையோடதான் ஊதின. சனம் தொழுகைய உட்டுப்போட்டு ஓடினதாலதான் கூடுதலா ஏசுறாங்க" என்றாள்.

பாங்கு! எனக்கு மூளையில் பல்ப் எரிந்தது. தொழுகைக்கு அழைக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி எங்கள் பெட்டிகளின் வானொலித் தொடர்பைக் குழப்புகிறது, வேறென்ன? மறுநாள் முழுவதும் நான் ஒலிபெருக்கியின் அடியில் ஒரு கருவியோடு நின்றேன். நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லை. பிற்பகல் அசருக்குச் சொன்னார்கள், ஒன்றும் ஆகவில்லை. பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்குச் சொன்னார்கள், என் தலைவலிதான் கூடியது. போகிற வருகிற பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "இந்தியா மிஸ் பாங்க அளக்கிறா" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

திரும்பும்போது நான் ஏறிய ஆட்டோவுக்குப் பஞ்சர். இந்த மாவட்டத்தில் சக்கரம் உள்ள எதுவும் என்னை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

வியாழக்கிழமை வந்துவிட்டது. கையில் எதுவும் இல்லை. "அறைக்குள்ள இருந்தா பைத்தியம் பிடிச்சிடும், வா கடற்கரைக்குப் போகலாம்" என்று ஹம்சியாவை இழுத்துக்கொண்டு போனேன். கடலோர வீடுகள் இருந்த இடத்தில் இன்னும் அஸ்திவாரங்கள் மட்டும் கிடந்தன. ஒரு குளியலறையின் நீலத் தரை ஓடு வெயிலில் பளபளத்தது. அதில் யாரோ கருவாடு காயப்போட்டிருந்தார்கள்.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தோணியில் போய்க் கடலில் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு வந்து, அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் இருந்து இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே கூப்பிட்டால் கேட்காத தூரம். காசிமேட்டில் விசைப்படகுகளின் டீசல் நாற்றத்தில் வளர்ந்தவள் நான். ஆள் பலத்தில் ஒரு கடலையே இழுப்பதுபோல் இருந்த அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வலைக்குத் தலைவர் ஹனீபா காக்கா. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், எங்கள் ஊரில் அப்படி ஒருவரைக் கூப்பிட்டால் அடி விழும். ஹம்சியாவைக் கண்டதும் அவர் முகம் இறுகியது. சைரனைக் கழற்றச் சொல்லி மிகவும் சத்தம் போடுகிறவர் அவர்தான். இரண்டு தடவையும் வலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். இரண்டு தடவையும் வலை கிழிந்து மீன் போய்விட்டது.

பாங்கு கேட்டது. அசர் தொழுகைக்காக ஹனீபா காக்கா கையை உயர்த்தினார். இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். இந்தப் பக்கம் ஒருவர் கயிற்றோடு தண்ணீருக்குள் இறங்கினார். தூரத்தில் அந்தப் பக்கமும் ஒருவர் இறங்குவது தெரிந்தது. இங்கே இருந்தவர் கயிற்றை எங்கள் முதல் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அங்கே இருந்தவர் மூன்றாவது கம்பத்தில்.

வலை நிறைந்திருந்தது, நீரோட்டமும் இருந்தது; அசர் நேரத்தில் இரண்டும் சேர்ந்து அமைவது எப்போதாவதுதான். இரண்டு கம்பமும் மெதுவாகக் கடல் பக்கம் சாய்ந்தன. கம்பம் அப்படிச் சாய்ந்தால் அதன் கரைப்பக்கம் மாட்டியிருக்கும் குழாய் மேலே எழும்பும். மேலே எழும்பிய குழாய்க்குத் தண்ணீர் குறைந்ததாகத்தான் தெரியும்.

"ஹம்சியா" என்றேன்.

அவளும் கண்டுவிட்டாள். "யா அல்லாஹ்! ரெண்டு சாட்சியையும் ஒரே வலை இழுக்குது, மிஸ்!"

சைரனை அன்று காலையிலேயே சோதனைக்காகத் துண்டித்து வைத்திருந்தேன், இல்லாவிட்டால் மூன்றாவது முறையும் ஊதியிருக்கும். ஆட்கள் மணலில் வரிசையாக நின்று தொழ ஆரம்பித்தார்கள். தொழும் திசையான கிப்லா மேற்கே, கடல் கிழக்கே. எல்லோருக்கும் முதுகுப் பக்கம் கடல். ஒருவர் மட்டும் வரிசையில் சேராமல் கடலைப் பார்த்து நின்றார்.

"அது சலீம், ஹனீபா காக்காட தம்பி. சுனாமிக்குப் பொறகு இவங்க கரையில தொழுதா ஒராள் கடலப் பாத்துக்கொண்டு நிப்பார். மத்தவங்க முடிச்ச பொறகு அவர் தொழுவார்" என்றாள் ஹம்சியா.

அவர்கள் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழுந்ததும் ஹனீபா காக்காவிடம் போய்ச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. கம்பத்தைக் காட்டினேன். கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். அது மெல்ல நிமிர்ந்தது. அவர் தண்ணீருக்குள் இறங்கிக் கம்பத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

"முந்தி இவடத்த தென்னை நிண்டிச்சி. அதுலதான் கட்டுவம். ஆள் கூடுதலா இருந்த காலத்துல பாதிப்பேர் கயித்தப் புடிப்பம், பாதிப்பேர் தொழுவம். இப்ப பாதி ஊர் சவூதியில. தென்னையச் சுனாமி கொண்டு போயிட்டு. இந்தக் கம்பம் நல்ல உரமா இரிக்கி எண்டுதான்..." என்று நிறுத்தினார்.

"நாளைக்கு ஊர் கூட்டத்துல இதைச் சொல்லணும்" என்றேன்.

சலீம் குறுக்கே வந்தார். "சொன்னா என்ன நடக்கும் தெரியுமா மிஸ்? அந்த மனிசன்ட இடுப்பு உடைஞ்சது எங்களாலதான் எண்டு ஊர் சொல்லும். கரையில வலை போட உடமாட்டாங்க."

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"நீங்க சொன்னா ஆர் நம்புவா? மிஷின் வித்த ஆள் மிஷினுக்காகக் கதைக்கிறா எண்டுதான் சொல்லுவாங்க."

அதில் தப்பே இல்லை. ஹனீபா காக்கா வலையைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டில் அன்று பால் ஆணம் என்ற தேங்காய்ப்பால் குழம்பும் பொரித்த மீனும். நல்ல சமையல்தான், எனக்கும் ஹம்சியாவுக்கும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலை ஒட்டிய மண்டபம் நிறைந்துவிட்டது. பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்தோம். நான் எழுந்து கயிற்றையும் கம்பத்தையும் பற்றிச் சொன்னேன். சலீம் சொன்னபடியே நடந்தது. "மிஸ்ஸுக்கு இப்ப நாங்கதான் பிழைகாரரா?" என்று ஒருவர் கேட்டார். "கழட்டுங்க, கழட்டுங்க" என்று பின்னாலிருந்து குரல்கள். ஹம்சியா என் கையைப் பிடித்தாள்.

ஹனீபா காக்கா எழுந்தார்.

"சைரனக் கழட்டு எண்டு கூடுதலாச் சத்தம் போட்டவன் நான்தான். இப்பவும் நான்தான் கதைக்கிறன். அந்த மிஸ் சொல்றது உண்மை. சைரன் பொய் சொல்லல்ல. அது எங்கட கயிறு. கம்பம் சாயுறத என்ட கண்ணாலயே கண்டன்."

மண்டபம் கொதித்தது. "அப்ப அந்த மனிசன்ட இடுப்பு?" என்று ஒருவர் கத்தினார்.

"சுபஹு தொழுதுட்டு அவர்ட வீட்டுக்குத்தான் போனன். கையப் புடிச்சிச் சொல்லிப்போட்டன். நீங்க என்ன சொன்னாலும் கேக்கிறன்." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "புள்ள ஹம்சியா, உன்னயும் ஏசிப்போட்டன். மாப்புச் செய்யி."

ஹம்சியா தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. விடிகாலையிலேயே நாங்கள் மண்டபத்தைத் தயார்செய்யப் போன நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்து போயிருக்கிறார். மாமனார் எங்களிடம் மூச்சே விடவில்லை. பிறகு கேட்டபோது, "அவன் ஊருக்குச் சொல்றானா எண்டு பாத்தன்" என்றார்.

சைரன் இருக்கட்டும் என்று முடிவானது. சத்தம் போட்ட ஆட்களே மாலையில் இரண்டு தென்னங்குற்றிகளைக் கொண்டுவந்து, கம்பங்களுக்குத் தள்ளி, உலர்ந்த மணலில் ஆழமாக நட்டார்கள். நான் என் பங்குக்குப் பெட்டிகளுக்கு ஒரு புது விதி எழுதினேன்: சாய்ந்திருந்தால் உன் பேச்சை நீயே நம்பாதே. மனிதர்களுக்கு எழுத முடியாத விதி அது.

நான் கிளம்பும் நாளன்று வட்டிலப்பம் செய்து தந்தார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் சேர்ந்து வாயில் கரைகிற அந்தப் பண்டத்துக்காகவே இன்னொரு கம்பம் சாயலாம் என்று சொன்னேன். ஹம்சியா கரண்டியால் அடிக்க வந்தாள்.

பஸ்ஸுக்கு நேரமிருந்தது. இரண்டு பேரும் கடைசியாக ஒரு முறை கரைக்குப் போனோம். வலை பாதி இழுபட்டிருந்தது. பாங்கு கேட்டது. கயிறுகளைத் தென்னங்குற்றியில் கட்டினார்கள். கம்பங்கள் அசையவில்லை. ஹம்சியாவின் கையில் இருந்த தொலைபேசியில் நான்கு பெட்டியும் 'நலம்' என்றன. அப்பாடா என்றிருந்தது.

ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சலீம் வழக்கம்போல் தள்ளிக் கடலைப் பார்த்து நின்றார். ஹனீபா காக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார், பிறகு பெட்டிகளைப் பார்த்தார்.

"வா தம்பி, வந்து நில்லு" என்றார்.

சலீம் தயங்கினார். பிறகு நடந்து வந்து வரிசையின் ஓரத்தில் சேர்ந்துகொண்டார். தக்பீர் சொல்லித் தொழுகை தொடங்கியது. சுனாமிக்குப் பிறகு முதல் முறையாக, கரையில் இருந்த அத்தனை ஆண்களும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

ஹம்சியாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து அவளைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"மிஸ், இனி ஒருத்தரும் கடலப் பாக்கல்ல. நம்மட பெட்டி மட்டுந்தான் பாக்குது."

"வேலை செய்யும் ஹம்சியா. நான் உத்தரவாதம்."

"ஓம்" என்றாள். ஆனால் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

நானும் திரும்பி நின்றேன். அந்தப் பெட்டிகளைச் செய்தவள் நான், விதிகளை எழுதியவள் நான். ஆனாலும் எங்களுக்குப் பின்னால் அவர்கள் சலாம் கொடுத்து முடிக்கும்வரை கடலை விட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.